ஆறு மாதச் சான்றிதழோடு ஆம்புலன்சில் ஏறலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்திலிருந்து ஒரு தம்பி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். வயது 24. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியும் வீட்டு நிலைமையால் கல்லூரிக்குப் போகவில்லை. பிறகு ஒரு தனியார் பயிற்சி மையத்தில் 45,000 ரூபாய் கட்டி 6 மாத 'எமர்ஜென்சி கேர் டிப்ளமா' முடித்தார். மத்திய அரசு அங்கீகாரம் உண்டு என்று சொல்லிச் சேர்த்தார்களாம். வாரத்தில் 3 நாள் வகுப்பு, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி) பொம்மையில் ஒரே ஒரு முறை கை வைத்தது, மருத்துவமனைப் பயிற்சி என்ற பெயரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 10 நாள் ஓரமாக நின்றது, அவ்வளவுதான் படிப்பு.

இப்போது 2 வருடமாக ஒரு தனியார் ஆம்புலன்சில் வேலை. சட்டையில் 'பாராமெடிக்' என்று எழுதியிருக்கிறது, வண்டியில் 'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்று எழுதியிருக்கிறது. ஊசி போடச் சொன்னால் போடுகிறார், டிரிப் ஏற்றச் சொன்னால் ஏற்றுகிறார். 8 மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, நுரையீரலில் சளி கட்டி மூச்சு வாங்கிய ஒரு பெரியவரை மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். களியக்காவிளை தாண்டி, பாறசாலையும் தாண்டியதும் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் நிறுத்தி வேறு சிலிண்டர் வாங்கும்வரை ஏழெட்டு நிமிடம் ஆக்சிஜன் இல்லை. பெரியவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். வெளியே மூச்சு விடாதே என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

அவர் கேட்பவை: என் சான்றிதழ் செல்லுமா? 108-இல் சேர முடியுமா? ஏதாவது ஆனால் என்னைக் காப்பாற்ற 'நல்ல சமாரியன்' சட்டம் இருக்கிறதுதானே? முதலாளி பாராமெடிக் அனுபவச் சான்று தருகிறேன், வளைகுடாவுக்குப் போய்விடு என்கிறார், போகலாமா? இந்த வயதில் 4 வருடப் படிப்பு என்றால் ரொம்பத் தாமதமா? ஒரிஜினல் ப்ளஸ் டூ சான்றிதழ் முதலாளி கையில் இருக்கிறது, என்ன செய்ய? கடைசியாக, அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டுமா?

தம்பி, நான் அவசர சிகிச்சை மருத்துவன். ஆம்புலன்ஸ் பின்கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவர் என்ன செய்துகொண்டு வந்தார் என்பதைப் பார்த்துத்தான் எங்கள் முதல் ஐந்து நிமிடம் நடக்கும். அதனால் உங்கள் கடிதத்தை ஒரே இருப்பில் இரண்டு முறை படித்தேன். முதலில் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்ற எல்லாக் கேள்விக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிலிண்டர்

சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் 50-இல் நின்றது, பாதிக்குக் கிட்ட இருக்கும் என்று நினைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ஆம்புலன்சில் சாதாரணமாக வைக்கும் பி டைப் சிலிண்டர். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 10 லிட்டர், முழுதாக நிரப்பினால் முள் 150 பார் (அழுத்த அளவு) பக்கம் நிற்கும். கொள்ளளவை முள் காட்டும் எண்ணால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். முழுச் சிலிண்டர் என்றால் 1,500 லிட்டர். முள் 50 என்றால் 500 லிட்டர், அது பாதி கூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டிருக்கிறீர்கள். 500-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள், 33 நிமிடம். வண்டி கிளம்பும்போதே அது திருவனந்தபுரம் போய்ச் சேராது என்பது அந்த முள்ளிலேயே எழுதியிருந்தது.

உங்களைக் குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல், ஆனால் யாராவது ஒருவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 45,000 ரூபாய் வாங்கியவர்கள் சொல்லித்தரவில்லை, வண்டியில் ஏற்றிவிட்டவர் கேட்கவில்லை, நோயாளியை அனுப்பிய மருத்துவமனையிலும் இந்த வண்டியில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, கூட யார் போகிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நிமிடத்துக்கு 15 லிட்டர் தேவைப்படும் நோயாளியோடு ஒரு செவிலியரையாவது அனுப்பியிருக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் ஆக்சிஜன் இல்லாதது அந்த உடம்புக்கு நல்லது செய்திருக்காது. அதே நேரம், அதனால்தான் இறந்தார் என்று அன்றைய கேஸ் ஷீட்டைப் பார்க்காத எந்த மருத்துவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். நீங்களும் ராத்திரி படுத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பை உங்களுக்கே எழுதிக்கொள்ளாதீர்கள். இப்படித் தூக்கம் கெட்டு 8 மாதம் ஓடிவிட்டதால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். ஆம்புலன்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இது வருவது உண்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சான்றிதழ் செல்லுமா

இதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது, அதை வைத்தே பல மையங்கள் பிழைக்கின்றன. நம் ஊரில் 'பாராமெடிக்கல்' என்றால் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், தியேட்டர் என்று மருத்துவமனையின் எல்லாத் துணைப் படிப்புகளும் அதில் அடங்கும். வெளிநாட்டில் 'பாராமெடிக்' என்றால் அது ஒரே ஒரு வேலை, ஆம்புலன்சில் போய் உயிர் காக்கும் சிகிச்சை கொடுப்பவர், அதிலும் மேல்படியில் இருப்பவர். அமெரிக்காவில் அடிப்படை ஈஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீசியன்) ஆவதற்கே 150 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி, அதற்கு மேல் பாராமெடிக் ஆக ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் கணிசமான பகுதி மருத்துவமனையிலும் ஓடும் வண்டியிலும் மேற்பார்வையில் செய்வது. உங்கள் சட்டையில் இருக்கும் சொல் அந்த இரண்டாவது ஆளைக் குறிப்பது.

நம் நாட்டில் 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனியாக ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் பட்டியலில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்ற தொழிலும், மேல்நிலைப் பாராமெடிக் என்ற தொழிலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அந்தச் சட்டம் துணைச் சுகாதாரப் பணியாளர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? 2 முதல் 4 வருடத்தில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமா அல்லது பட்டம் படித்தவரை. அதற்கு மேல்படிக்கு 3,600 மணி நேரம். உங்கள் 6 மாத வகுப்பை எப்படிக் கூட்டினாலும் இந்தக் கணக்கில் பாதியைக்கூடத் தொடாது.

அப்படியானால் அது வெறும் காகிதமா? முதலுதவி கற்றுக்கொண்டதற்கு ஒரு சாட்சி, அவ்வளவு மதிப்பு அதற்கு உண்டு. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் அடிப்படை ஈஎம்டிக்கு ஒரு குறுகிய படிப்பு உண்மையாகவே இருக்கிறது, சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. உங்கள் சான்றிதழில் அந்தக் கவுன்சிலின் பெயரும் தகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தில் மையத்தின் பெயரும் ஒரு ஹோலோகிராமும்தான் இருக்கிறது, ஹோலோகிராம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு ஏஐஎஸ்-125 என்று ஒரு தேசியத் தரம் இருக்கிறது. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. பி என்றால் நோயாளியை வெறுமனே ஏற்றிப்போவது, சி அடிப்படை உயிர்காப்பு, டி மேல்நிலை உயிர்காப்பு. 'ஐசியூ ஆம்புலன்ஸ்' என்று எழுதிவைத்தால் வண்டி டி வகை ஆகிவிடாது. உங்கள் வண்டியின் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள், உள்ளே வென்டிலேட்டரும் மானிட்டரும் ஓடுகிறதா என்று பாருங்கள். நோயாளியின் உறவினர் கேட்டால் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

நல்ல சமாரியன் சட்டம் உங்களுக்கு இல்லை

இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய ஆம்புலன்ஸ் தம்பிகள் இதை நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, விபத்து நடந்த இடத்தில் எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் தானாக முன்வந்து உதவுகிறவரைக் காப்பது. தக்கலை ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவரை லீவு நாளில் நீங்கள் தூக்கி ஆட்டோவில் ஏற்றினால் அது உங்களுக்குப் பொருந்தும். சம்பளத்துக்கு, டியூட்டியில், வாடகை பேசி நோயாளியை ஏற்றும்போது பொருந்தாது.

அப்போது என்ன பொருந்தும்? கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106(1) பிரிவு, 5 வருடம் வரை சிறை. மருத்துவ நடைமுறை செய்யும்போது பதிவு பெற்ற மருத்துவருக்கு அதே பிரிவில் 2 வருடம் வரைதான், ஆனால் அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். ஊசி போட்டது நீங்கள் என்றால் உங்களுக்கு இல்லை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தன்னிடம் இருப்பதாகக் காட்டிக்கொண்ட திறமை உண்மையில் இல்லாமல் இருப்பதே கவனக்குறைவுதான். சட்டையில் எழுதியிருக்கும் அந்தச் சொல் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள், நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். இழப்பீடு கேட்டு வழக்கு வந்தால் முதலாளியும் சேர்ந்து பொறுப்பாவார், அது வேறு விஷயம். சிறைத் தண்டனையை அவர் பங்குபோட்டுக்கொள்ள மாட்டார்.

நாளைக் காலையிலிருந்து

வேலையை உடனே விடச் சொல்ல எனக்கு மனமில்லை, வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆனால் சொல்லித்தராத வேலையைச் செய்யாதீர்கள். தனியாக முடிவெடுத்து ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, டிரிப் ஏற்றுவது எல்லாம் இன்றோடு நிற்கட்டும். முதலாளி திட்டினால், கூட டாக்டரையோ நர்ஸையோ அனுப்பச் சொல்லுங்கள் என்று வாட்சப்பில் எழுதிப் போடுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைத் திருந்தச் செய்தாலே பல உயிர் பிழைக்கும். மூச்சுக்குழாய் வழியைத் திறந்து வைப்பது, ரத்தப்போக்கை அழுத்திப் பிடித்து நிறுத்துவது, எலும்பு முறிவைக் கட்டையில் அசையாமல் கட்டுவது, சிபிஆர், ஏஈடி. ஏஈடி என்பது துடிப்பு கெட்ட இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும், தானே பேசி வழிகாட்டும் கருவி, பொதுமக்களுக்காகவே செய்தது, அதற்குப் பயப்பட வேண்டாம். சிபிஆர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்டக்கூடாது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பொம்மையில் ஒரே முறை செய்து கை இந்த ஆழத்தைக் கற்றுக்கொள்ளாது. அமெரிக்க இதய சங்கத்தின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அந்தச் சான்று 2 வருடம் செல்லும், அதன் பிறகு திரும்பச் செய்ய வேண்டும். திரும்பச் செய்ய வைப்பதில் காரணம் இருக்கிறது, சில மாதம் தொடாமல் விட்டாலே கை மறந்துபோகும்.

மணி நேரக் கணக்கை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பட்டணத்திலோ குளச்சலிலோ கடலிலிருந்து தூக்கிக்கொண்டுவரும் ஆளுக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது, அவருக்கு நின்றது மூச்சு, இதயம் அதன் பின்னால் நிற்கிறது, அதனால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்க வேண்டும். சந்தையில் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவருக்கு முறை வேறு, அழுத்தம் முதலில். தென்னையிலிருந்து விழுந்தவரை நாலு பேர் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். விழுந்தபோது தப்பித்த தண்டுவடம் அந்த ஆட்டோவில் போயிருக்கும். உங்கள் அப்பா விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர், அங்கே பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள், சில பேர் பிளேடால் கீறியும் விடுவார்கள். கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்ட காலை அசையாமல் கட்டைவைத்துக் கட்டி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இந்த நாலு ஆளும் உங்கள் வண்டியில் ஒரே வாரத்தில் ஏறலாம். நாலு பேருக்கும் நாலு விதமாகக் கை போக வேண்டும், அது யாராவது பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் வரும்.

108, கல்லூரி, வளைகுடா

108 தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. அதன் மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங், ஏஎன்எம் (துணைச் செவிலியர்), ப்ளஸ் டூவுக்குப் பின் 2 வருட லேப் டெக்னீசியன் டிப்ளமா, இல்லாவிட்டால் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் போன்ற உயிர் அறிவியல் பட்டம் கேட்கிறார்கள். எழுத்துத் தேர்வும், உடற்கூறியல், முதலுதவியில் நேர்முகமும் இருக்கும், தேர்வானவர்களுக்கு 50 நாள் பயிற்சி. உங்கள் 6 மாதச் சான்று இந்த வாசலில் உங்களை உள்ளே விடாது. ஓட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்பும், லைசென்சும், பேட்ஜும், உயரமும் கேட்பார்கள், லைசென்ஸ் எடுத்து 3 வருடம் ஆகியிருந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. 50 நாள் போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே ஒவ்வொரு கேஸுக்கும் போனில் கேட்க ஒரு மருத்துவர் இருக்கிறார், எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது. உங்கள் வண்டியில் அது எதுவும் இல்லை.

நான் உங்களுக்குச் சொல்வது பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்டு எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம், 3 வருடப் படிப்பும் 1 வருட உள்ளிருப்புப் பயிற்சியும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வில் இடம் கிடைக்கும், நுழைவுத் தேர்வு இல்லை, அரசு இடம் என்றால் கட்டணம் தனியாரில் ஒரு சின்னப் பங்குதான். இந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் வயது வரம்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அது அமையாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீசியன் என்ற 1 வருடச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. 2021 சட்டம் சொல்லும் மணி நேரத்தை அது எட்டாது என்பதை அறிந்துகொண்டே சேருங்கள், ஆனால் ஒரு வருடம் முழுக்க உண்மையான அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பீர்கள், நீங்கள் தவறவிட்டது அதுதான்.

4 வருடம் போனால் 28 ஆகிவிடும் என்கிறீர்கள். படிக்காமல் இருந்தாலும் 4 வருடத்தில் 28 ஆகத்தான் செய்யும், தம்பி. இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம்.

வளைகுடாவுக்கு அந்த அனுபவச் சான்றோடு போக வேண்டாம். சவூதியோ துபாயோ, சுகாதார வேலைக்கு லைசென்ஸ் தரும் முன் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் கொடுத்த இடத்திலேயே நேராகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பொய் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் நாளைக்கு உண்மையான பட்டத்தோடு போனாலும் அது கூடவே வரும். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் படிப்புக்கு வையுங்கள்.

சான்றிதழும், அந்த வீடும்

ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. பாண்டு போட்டிருந்தாலும் இல்லை. 7 நாளில் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உங்கள் வீட்டு வருமானத்துக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கலந்தாய்வு அறிவிப்பு வரும் முன் இதை முடித்துவிட வேண்டும், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

அதே வழக்கறிஞரிடம் பெரியவர் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த ராத்திரி நடந்ததை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், முள் எங்கே நின்றது, எத்தனை லிட்டர் விட்டீர்கள், எந்த இடத்தில் தீர்ந்தது, யாருக்குப் போன் செய்தீர்கள். முதலாளி எதையும் மாற்றி எழுதச் சொன்னால் எழுதாதீர்கள்.

வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். இப்போதே போக வேண்டாம் என்பது என் எண்ணம். நம் மனப்பாரத்தை இறக்கிவைக்க மட்டும் போனால் அது அவர்கள் தலையில் ஏறும், அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது என்று சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. ஆனால் அவர்களாக ஒருநாள் கேட்டால், வண்டியில் அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று மகனோ மகளோ கேட்டால், எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லாதீர்கள். சிலிண்டர் தீர்ந்ததையும் எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வேண்டி வந்தால் தனியாகப் போக வேண்டாம், எனக்கு எழுதுங்கள், முடிந்தால் நானும் கூட வருகிறேன்.